தொலியை யாரு திங்கா?

நேந்திரன் வாழையின் காயான ஏத்தங்காயைச் சிப்ஸுக்கோ புழுக்கவோ எடுத்துக்கொண்டால் மிச்சம் கிடக்கும் பச்சைத் தோலுக்குத் தக்கலைப் பக்கத்தில் தொலி என்று பேர். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கறை போக ஊறவைத்து, வெந்த சிறுபயறோடு சேர்த்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் பச்சைமிளகாயும் சதைத்துப் போட்டு இறக்கினால் துவரன். கஞ்சிக்கு அதற்கு மிஞ்சின கூட்டு கிடையாது. இல்லாதவன் கண்டுபிடித்த கறிதான், ஆனால் இருக்கிறவனும் கதவைச் சாத்திக்கொண்டு தின்பான். வெளியில் சொல்ல மட்டும் மாட்டான். வீசி எறிகிற சாமானைத் தின்றேன் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? ரெஜிலாவுக்கும் வரவில்லை. அதனால் நடந்ததுதான் இது.

ரெஜிலாவின் அம்மா நேசபாய்க்கு ததேயுஸின் சிப்ஸ் கம்பெனியில் தொலி உரிக்கிற வேலை. ததேயுஸ் தொழில் தொடங்கியபோது அவரிடம் இருந்தது ஒரு சட்டியும் ஓர் ஓலைக் கொட்டகையும். இப்போது தகரக்கூரை போட்ட பெரிய ஷெட், வளைகுடாவுக்கு ஏற்றுமதி, வெள்ளைக் கார். நேசபாய் மட்டும் அன்றைக்கு உட்கார்ந்த அதே பலகையில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். வாழைக்கறை ஏறி அவள் விரல்கள் கறுத்துப்போய் வருஷங்கள் ஆகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் புளியும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பார்ப்பாள், போகாது. மறுநாள் ஆலயத்தில் இராப்போஜன அப்பத்துக்குக் கை நீட்டும்போது மட்டும் அவளுக்கு ஒரு கூச்சம் உண்டு.

உரித்த தொலியை வேலைக்காரிகள் வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்பது கம்பெனி வழக்கம். ததேயுஸுக்குக் குப்பை அள்ளுகிற பாடு மிச்சம், பெண்களுக்கு ஒரு நேரத்துக் கறி மிச்சம். இதை அவர் தர்மக் கணக்கில் சேர்த்துச் சொல்லிக்கொள்வார். சொல்லட்டும், வாய் அவருடையது.

ரெஜிலாவின் அப்பா ரப்பர் வெட்டப் போன இடத்தில் பாம்பு தீண்டிச் செத்தபோது அவள் கைப்பிள்ளை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொலி வேகாத நாள் குறைவு. பள்ளிக்கூடத்தில் மதியம் பாத்திரத்தைத் திறந்தால் அதுவேதான் இருக்கும். சோற்றுக்கு மேல் கரும்பச்சையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டாள், "இது எங்க வீட்டுல பசுவுக்குல்லா வைப்போம்?" வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் தொலி ரெஜிலா. சிறுபிள்ளைகளின் வாய்க்கு ஈவிரக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர் போகவில்லை. பல நாள் அவள் பாத்திரத்தைத் திறக்காமலேயே திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

அந்த ஆத்திரத்தில்தான் படித்தாள் என்று சொல்ல வேண்டும். வேதியியலில் முதுகலை வாங்கினாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் லேபில் வேலை கிடைத்தது. ஜெப்சனைக் கட்டினாள். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பெண்பிள்ளை ஆன்ஸ்லின் பிறந்தாள். ஜெப்சன் அங்கே, இவள் லேபில், பிள்ளையைப் பார்க்க நேசபாய். வேலைக்குப் போகாண்டாம் என்று மகள் எவ்வளவோ சொல்லியும் நேசபாய் கேட்கவில்லை. கை சும்மா இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்றாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடுகிற மாதிரி அரைநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சுபிதாவையும் கூட்டிக்கொண்டு போய் அதே பலகை வரிசையில் உட்காரவைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பை தொலியோடு திரும்பி வருவார்கள்.

லேபில் ரெஜிலா செய்வது காயிலும் பழத்திலும் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பூச்சியைக் கொல்ல அடிக்கிற விஷத்துக்கு நம் ஊரில் மருந்து என்று பேர். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், உயிரை விடக் குடிப்பதும் மருந்துதான். இப்படி ஒரு நல்ல பெயரை வைத்துவிட்டால் பிறகு அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? வாழைக்காரர்கள் தண்டுக்குள் வண்டு ஏறாமல் இருக்க அடிப்பார்கள். அதைவிட, குலையின் மேலே ஒரு கறுப்புப் பொட்டு விழாமல் இருக்க அடிப்பார்கள். பொட்டு விழுந்தால் வியாபாரி மூஞ்சியைச் சுளிப்பான். ஆக, அடிக்கிற மருந்தில் பாதி தொலியின் அழகுக்காக அடிப்பது. கிடப்பதும் தொலியில்தான் அதிகம் கிடக்கும்.

இதற்கு ஒரு விதி உண்டு. ஏத்தங்காயோ பழமோ சோதனைக்கு வந்தால் காம்பை மட்டும் நறுக்கிவிட்டு, தோலை உரிக்காமல், அப்படியே துண்டுபோட்டு உறையவைத்து அரைக்க வேண்டும். அரைத்த மாவில் கொஞ்சம் எடுத்து, கரைப்பான் ஊற்றிக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துக் கருவிக்குள் விட்டால், மருந்து இருக்கிற இடத்தில் திரையில் கோடு எழும்பி நிற்கும். தோலோடு அரைக்க வேண்டும் என்று எழுதிவைத்தவன் எந்தத் தேசத்துக்காரனோ, தெரியவில்லை. அவனுக்குக்கூடத் தொலியின் ஞாபகம் இருந்திருக்கிறது. தொலியைத் தின்றே வளர்ந்தவளுக்குத் தேவையான நேரத்தில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஓணத்துக்கு முந்தின மாதம் அது. ததேயுஸ் தாமே இரண்டு குலையைக் காரில் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்தார். துபாய்க்காரன் ஒருவன் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறான், காய்க்கு ரிப்போர்ட் கேட்கிறான். தோவாளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை மொத்தமாகப் பேசி, காயை ஷெட்டில் இறக்கத் தொடங்கியாகிவிட்டது. குலைகளைப் பார்த்தால் கண்படும். ஒரு பொட்டு, ஒரு கீறல் கிடையாது. ரெஜிலாவுக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம்தான்.

விதிப்படி அரைத்துக் கருவியில் விட்டாள். கோடு எழும்பிய எழும்பலைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் விபின், "அக்கா, இது மருந்துவாழ் மலையாக்கும்" என்றான். கன்னியாகுமரிப் பக்கத்து மூலிகை மலையின் பேர் அது; அவனுக்கு எல்லாம் தமாஷ். அனுமதித்த அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. இன்னொரு தடவை புதிதாக அரைத்துப் பார்த்தாள். அதே மலை.

மறுநாள் லேப் முதலாளி குமாரதாஸ் அவளைக் கூப்பிட்டார். கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச்சட்டை, மெல்லிய குரல். எதிரே ததேயுஸ் உட்கார்ந்திருந்தார். விபினும் இரண்டு பயிற்சிப் பெண்களும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள், பேசுவது கேட்கும் தூரம்தான்.

"சாருக்குத் தெரியுமா, இது ஆருண்ணு?" என்றார் ததேயுஸ், அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து. "நம்ம கம்பெனில தொலி உரிக்க நேசபாய்க்க மவளாக்கும். அந்தப் பலகைல இருந்து உரிச்சு உரிச்சுப் படிக்க வச்சா. எனக்குப் பெருமையா இருக்கு மக்கா."

அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். பயிற்சிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜிலாவுக்கு, அத்தனை வருஷப் படிப்பும் வெள்ளைக் கோட்டும் ஒரு நொடியில் உரிந்து விழுந்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

குமாரதாஸ் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ரெஜிலா, தோலோட அரைச்சா வராம என்ன செய்யும்? அவர் சிப்ஸ் போடுறார். தோலை உரிச்சு எறிஞ்சிட்டு உள்ள இருக்கிறதைத்தானே போடுறார்?"

"விதியில தோலோடன்னு..."

"விதி எனக்கும் தெரியும்மா. ஆனா நியாயமா யோசிங்க. தொலியை யாரு திங்கா?"

ததேயுஸ் சிரித்தார். "மாடு திங்கும் சார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் விபின் சிரித்தான். பயிற்சிப் பெண்கள் சிரித்தார்கள். குமாரதாஸும் புன்னகைத்தார். தன் கம்பெனியிலிருந்து சாயங்காலந்தோறும் பை பையாகத் தொலியைத் தூக்கிக்கொண்டு போவது யார் என்று ததேயுஸுக்குத் தெரியாதா? தெரியும். சொன்ன வேகத்தில் மறந்துபோனார். மறந்துபோவது வசதியாக இருந்தது.

ரெஜிலா சொல்லியிருக்கலாம். 'நாங்க திங்கம் சார்.' சின்னஞ்சிறு வார்த்தைகள். தொண்டைவரைக்கும் வந்தன. ஆனால் மாடு திங்கும் என்ற பேச்சு விழுந்த இடத்தில், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நாங்க திங்கம் என்று எப்படிச் சொல்வது? அவளும் சிரித்தாள். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். பாவி, அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு என்ன, மிச்சக் காய்களின் தொலியை உரித்து எறிந்துவிட்டு உள்ளதை மட்டும் அரைத்தாள். கோடு படுத்துக் கிடந்தது. 'கண்டறியப்படவில்லை.' அடியில் 'தோல் நீக்கிச் சோதித்தது' என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தாள். குமாரதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போட்டா, ஏன் நீக்கினீங்கன்னு துபாய்க்காரன் கேப்பான். வேண்டாத வம்பு. உங்களை இங்க நிரந்தரமாக்கணும்னு நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன் ரெஜிலா. இந்த மாதிரி சின்ன விஷயத்துல பிடிவாதக்காரின்னு பேர் எடுத்துராதீங்க."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறதாகச் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள். இங்கிலீஷ் ரிப்போர்ட்டுக்கு அடியில் தமிழில், பள்ளிக்கூடத்தில் பழகினபடியே 'ரெ' எழுத்தின் கொம்பை நீட்டிச் சுழித்து, ரெஜிலா.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். 'கொஞ்ச நாளைக்கு அந்தத் தொலி வேண்டாம்.' ஆனால் ஏன் என்று கேட்பாளே? காரணத்தைச் சொன்னால் நேசபாயின் வயிற்றில் அது ஒரு ராத்திரி தங்காது. விடிந்ததும் பலகை வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். பெண்கள் ததேயுஸைப் போய்க் கேட்பார்கள். அவர், 'நேசபாய்க்க மவதானே கையெழுத்து போட்டா, அவகிட்ட கேளுங்க' என்பார். அதற்கு மேல் யோசிக்க ரெஜிலாவுக்குத் தைரியம் இல்லை. அம்மாவுக்குத்தான் நாலு தண்ணியில் கழுவி, புளித்தண்ணியில் ஊறவைத்து எடுக்கச் சொல்லி ஏற்கெனவே பழக்கியிருக்கிறோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் நச்சரித்து நச்சரித்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளைக்கும் அப்படியே போயிற்று.

அந்த வாரத்தின் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆன்ஸ்லின் கண்ணை மூடி ஜெபம் சொல்லி முடித்துவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் துவரன் குவிந்திருந்தது, பாதி காலியாகியிருந்தது.

"வந்தியா மக்கா? கை கழுவிட்டு இரி" என்றாள் நேசபாய். என்றைக்கும் இல்லாத ஒரு வெளிச்சம் முகத்தில் இருந்தது. "இண்ணைக்கு நல்ல பிஞ்சுத் தொலி."

"எங்க உள்ள தொலிம்மா?"

"எங்க உள்ளதா? நம்ம கம்பெனில புதுசா இறங்கின காயாக்கும். இனி ஒண்ணும் பேடிக்காண்டாம், கேட்டியா. முதலாளி உனக்க ரிப்போர்ட்ட கண்ணாடிப் பேப்பர் ஒட்டி, உரிக்க எடத்துல சுவருல தூக்கியிருக்காரு. எங்க எல்லாரையும் கூப்பிட்டு வாசிச்சும் காட்டினாரு. ஒரு மருந்தும் இல்லியாம். எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்? நான் அடியில பாத்தேன். உனக்க கையெழுத்து! அந்த 'ரெ' சுழிய வேற ஆருக்குப் போடத் தெரியும்? எல்லாப் பிள்ளையளும் என்னையத்தான் பாத்தாளுவ. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு மக்கா. எனக்க மவ பாத்ததாக்கும், தைரியமா கொண்டு போங்கட்டி, அப்படின்னு சொன்னேன்."

"கழுவினியா? நாலு தண்ணில?"

நேசபாய் சிரித்தாள். "கறை போக ஒரு முக்கு முக்கினேன். நீயே ஒண்ணுமில்லண்ணு எழுதித் தந்தாச்சு, பொறவு எதுக்கு மெனக்கெடணும்?"

ரெஜிலா பிள்ளையின் தட்டைப் பிடுங்கினாள். அடுப்பிலிருந்த சட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், தென்னை மூட்டில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். ஆன்ஸ்லின் வீரிட்டு அழுதாள். நேசபாய் புறவாசலில் வந்து நின்று, மண்ணுக்குள் கிடந்த துவரனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது.

"நாறுதா மக்கா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. "பள்ளிக்கூடத்துல படிக்கும்போவே ஒனக்கு நாறும். பாத்திரத்தத் திறக்காம கொண்டு வருவ. எனக்குத் தெரியாதுண்ணா நெனச்ச? தெரியும். பிள்ள வெட்கப்படுதேண்ணு எத்தற நாளு நான் அழுதிருக்கேன். மாறும், மாறும்ணு இருந்தேன். இண்ணைக்குக் கோட்டு போட்டு உத்தியோகம் பாக்குத, இப்பமும் மாறல்ல."

"இல்லம்மா" என்று ரெஜிலா தொடங்கினாள். அதற்கு அடுத்த வார்த்தையும் நாக்கில் இருந்தது. 'அதுல மருந்து இருக்கு. நான் பொய்க்குக் கையெழுத்து போட்டுட்டேன்.' அம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கறுத்த விரல்தான் சுவரில் தொங்கும் காகிதத்தைச் சுட்டி, எல்லாருக்கும் மகளின் கையெழுத்தைக் காட்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். அதுவும் பாதிக் காரணம்தான். மிச்சப் பாதி, தன் வேலை. தொலியின்மேல் வெறுப்பு என்றே அம்மா நினைத்துக்கொண்டால் என்ன? பழி சின்னது, பழகினதும்கூட. அப்படியாவது அந்தச் சனியன் வீட்டுக்குள் வராமல் இருக்கும், பிள்ளை தப்பும்.

"ஆமா, நாறுது" என்றாள். "இனி இந்த வீட்டுக்குள்ள தொலி கொண்டு வராண்டாம்."

நேசபாய் குனிந்து சட்டியை எடுத்தாள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அதை நெடுநேரம் தேய்த்தாள். அழுக்கே இல்லாத சட்டி. தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

"சரி மக்கா. இனி கொண்டு வரல்ல. எனக்க பங்கையும் சுபிதா எடுத்துக்கிடட்டு. வயித்துப்பிள்ளைக்காரி, வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்கு, இதுதான் வாய்க்குப் பிடிச்சிருக்குண்ணு சொல்லுவா. அவளுக்காவது உதவட்டு."

ரெஜிலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் சுபிதா நின்றிருந்தாள், ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போக. ஆறு மாத வயிறு. ரெஜிலாவைக் கண்டதும் ஓடிவராத குறையாக வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, அம்மா பங்கையும் எனக்குத் தந்துட்டா. மூணு நாளா ரெண்டு நேரமும் அதுதான். நீ பாத்து எழுதின தொலியாக்கும்னு அம்மைக்கு என்ன பெருமை, தெரியுமா? ரொம்ப உபகாரம்க்கா."

ரெஜிலா அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். "சுபிதா, அத வைக்கும்போ நாலஞ்சு தண்ணில நல்லா கழுவிட்டு வை, கேட்டியா? புளித்தண்ணில கொஞ்சம் ஊறப்போடு" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

சுபிதா சிரித்துவிட்டாள். "நல்ல கூத்து! நீ கையெழுத்து போட்ட பொறவு அதுல என்னத்தக்கா கழுவ?"

ரெஜிலாவும் சிரித்தாள். குமாரதாஸின் அறையில் கொஞ்சம் பிந்திச் சிரித்தாளே, அதே சிரிப்பு. நாகர்கோவில் பஸ் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே லேபுக்குப் போனாள்.